புது டிரைவரும் பதினெட்டாவது பள்ளமும்

குன்னூருக்கு மேலே, தேயிலைச் சரிவுகள் முடிந்து சோலைக்காடு தொடங்கும் இடத்தில், காட்டுமட்டம் கிளப் என்று ஒரு கோல்ஃப் மைதானம் இருந்தது. அங்கே கற்றுக்கொடுப்பவள் பெயர் ஜெசிந்தா. கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருத்தி டாக்டர் பூங்கோதை.

இருவரில் குருவுக்குத்தான் வயது குறைவு. ஜெசிந்தாவுக்கு முப்பத்திரண்டு. பூங்கோதைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருந்தாலும் மைதானத்துக்குள் கால் வைத்துவிட்டால் பூங்கோதை அவளை "கோச்" என்றுதான் கூப்பிடுவாள். ஜெசிந்தா அவளை "டாக்டர்" என்பாள். அதற்கு மேல் இருவரும் உறவு கொண்டாடியதில்லை.

ஜெசிந்தா ஊர் ஊராகப் போய்ப் பந்தயம் ஆடியவள். முழங்கால் மக்கர் செய்த பிறகு மலைக்குத் திரும்பி வந்து வாத்தியாராகிவிட்டாள். கேட்ட கேள்விக்கு அவள் நேராகப் பதில் சொல்லமாட்டாள் என்று கிளப்பில் ஒரு முணுமுணுப்பு உண்டு.

ஒருமுறை ஓர் எஸ்டேட் மேனேஜர், "என் பந்து ஏன் எப்பவும் வலது பக்கமே போகுது?" என்று கேட்டார். ஜெசிந்தா குனிந்து அவருடைய ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டுப் போய்விட்டாள். அவருக்கு இன்றுவரை அது புரியவில்லை. ஆனால் பந்து நேராகப் போகிறது.

பூங்கோதை கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். கத்தி பிடிப்பவர்கள் வேறு. நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்து, மூச்சையும் நாடியையும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பது அவள் வேலை. எதிர்பாராதது எதுவும் நடக்காத நாள்தான் அவளுக்கு நல்ல நாள். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் காரை எடுத்துக்கொண்டு மலை ஏறிவிடுவாள்.

அவளிடம் ஒரு பலவீனம் இருந்தது. புது டிரைவர்.

டிரைவர் என்றதும் கார் ஓட்டுபவரை நினைத்துவிட வேண்டாம். கோல்ஃப் பையில் இருக்கும் மட்டைகளிலேயே நீளமானது, தலை பெருத்தது, பந்தை வெகுதூரம் அனுப்புவது எதுவோ அதற்குப் பெயர் டிரைவர். புது டிரைவர் வந்துவிட்டது என்று விளம்பரம் கண்ணில் பட்டால் பூங்கோதைக்கு இருப்புக்கொள்ளாது. போன வருஷத்தியதை விடத் தூரம் போகும் என்பார்கள். இன்னும் நேராகப் போகும் என்பார்கள். வீட்டில் ஷூ ராக்குக்குப் பின்னால் பழைய டிரைவர்கள் சுவரில் சாய்ந்து நின்றன. விருந்தாளிகள் அவற்றைக் குடை என்று நினைத்து எடுத்துவிட்டுத் திரும்ப வைத்ததும் உண்டு.

இந்த வருஷம் மார்ச்சில் ஒன்று வாங்கியிருந்தாள். செப்டம்பர் வந்தது. அதை விடப் புதியது ஒன்று கடைக்கு வந்துவிட்டது என்று செய்தியும் வந்தது.

சாதாரண சமயமாக இருந்தால் யோசித்திருக்க மாட்டாள். ஆனால் இது சாதாரண சமயம் இல்லை. முதல் தடவையாகப் பூங்கோதை கிளப்பின் மகளிர் கோப்பை இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தாள்.

ஆட்டம் குழிக்குக் குழி. ஒரு குழியைக் குறைந்த அடியில் முடித்தவருக்கு அந்தக் குழி சொந்தம். பதினெட்டில் யார் கையில் அதிகமோ அவருக்குக் கோப்பை. முன்னால் இரண்டு வருஷம் பூங்கோதை அரையிறுதி வரை வந்து தோற்றிருக்கிறாள். இரண்டு தடவையும் கடைசிக் குழியில்தான். இந்த வருஷம் மூன்று ஆட்டமும் பதினெட்டாவதுக்கு வரும் முன்பே அவள் பக்கம் முடிந்துவிட்டன.

பதினெட்டாவது குழி அப்படி. தொடங்கும் மேடைக்கும் எதிர்ப் புல்வெளிக்கும் நடுவே ஒரு பள்ளம். பெரணியும் முள்ளும் மண்டிய ஆழம். அடியில் ஓர் ஓடை. ஓடை கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். பெண்கள் மேடையிலிருந்து நூற்றிருபது கஜம் பந்து காற்றிலேயே போனால் அக்கரை. கொஞ்சம் குறைந்தாலும் பள்ளம்.

இடது பக்கமாக இன்னொரு வழி உண்டு. அங்கே பள்ளம் குறுகும். சின்ன மட்டையால் சின்னதாக ஓர் அடி அடித்து அந்த ஓரத்தில் வைத்துவிட்டு, அடுத்த அடியில் சுலபமாகத் தாண்டலாம். பந்துக்கு ஆபத்தில்லை. ஓர் அடி கூடும், அவ்வளவுதான்.

பூங்கோதை எப்போதும் இடது பக்கம்தான்.

டிரைவர் விஷயத்தில் கிளப்பே இரண்டு கட்சியாக இருந்தது. எல்லாம் கம்பெனிக்காரன் கதை, பெயின்ட் மாற்றி விற்கிறான் என்றது ஒரு கட்சி. விஞ்ஞானம் அய்யா விஞ்ஞானம் என்றது இன்னொன்று. மதியச் சாப்பாட்டில் தொடங்கினால் காபி ஆறும்வரை நடக்கும். பூங்கோதை இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு ஒன்றும் விளங்காமல் எழுந்து வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பயிற்சி மைதானத்தில், அவள் ஜெசிந்தாவிடமே கேட்டுவிட்டாள்.

"கோச், ஒரு கேள்வி. சுத்தி வளைக்காம பதில் சொல்லணும்."

"கேளுங்க டாக்டர்."

"புது டிரைவர் நெஜமாலுமே பழசை விட நல்லதுங்களா? இல்ல எல்லாம் ஏமாத்து வேலையா?"

ஜெசிந்தா தலையாட்டினாள். தன் அறைக்குப் போனாள். எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் கறுப்பு டேப் ஒரு சுருளும், எட்டு வருஷத்துப் பழைய டிரைவர் ஒன்றும் எடுத்து வந்தாள். பூங்கோதையின் மார்ச் மாதத்து டிரைவரையும் வாங்கிக்கொண்டாள். இரண்டின் தலை மேலும் டேப்பைச் சுற்றினாள். பந்து படும் முகத்தை மட்டும் விட்டுவிட்டாள். பிடியிலும் டேப். இப்போது இரண்டும் கறுப்பு. எது எது என்று தெரியாது.

"அடிங்க."

பூங்கோதை அடித்தாள். பக்கத்தில் புல்லில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. பந்து எவ்வளவு தூரம் போனது, எந்தப் பக்கம் வளைந்தது எல்லாம் அது சொல்லும். ஜெசிந்தா ஒவ்வோர் அடிக்கும் மட்டையை மாற்றி மாற்றிக் கொடுத்தாள். பூங்கோதைக்கு வியர்த்தது, ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

கடைசியில் ஜெசிந்தா கேட்டாள். "எது புதுசு?"

பூங்கோதை ஒன்றைத் தொட்டாள். "இதுதான்."

ஜெசிந்தா டேப்பை உரித்தாள். அதுதான்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"நல்லாப் பட்டப்ப ரெண்டும் ஒண்ணாத்தான் இருந்துது. தப்பாப் பட்டப்ப இது கைய அதிர விடல."

ஜெசிந்தா பெட்டியைத் திருப்பிக் காட்டினாள். பந்து நடு முகத்தில் பட்ட அடிகளில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓரத்தில் பட்டவற்றில் பழையது எங்கெங்கோ போயிருந்தது. புதியது அவ்வளவு குறையவில்லை, அவ்வளவு வளையவும் இல்லை.

"புதுசு நல்லதுதான் டாக்டர்," என்றாள் ஜெசிந்தா.

பூங்கோதைக்குச் சப்பென்று போய்விட்டது.

"அவ்வளவுதானா?"

"நேராப் பதில் சொல்லச் சொன்னீங்களே."

"நீங்க வேற மாதிரி சொல்வீங்கன்னு நெனச்சேன். மட்டையில என்ன இருக்கு, எல்லாம் மனசுலதான் இருக்கு, அப்படி."

"மனசுலயே எல்லாம் இருந்தா நான் எதுக்கு வருஷா வருஷம் புது மட்டை வாங்கறேன்?"

பூங்கோதை சிரித்துவிட்டாள். சிரிப்பு அடங்கியதும் மெதுவாகக் கேட்டாள். "அப்போ போன வாரம் வந்த அந்தப் புதுசையும் வாங்கிடலாங்களா? ஃபைனலுக்கு ரெண்டு வாரம் இருக்குது."

"வாங்கலாம். கடை திறந்துதான் இருக்கும்."

அந்தப் பதிலில் சம்மதம் இருந்ததா, கேலி இருந்ததா என்று பூங்கோதைக்குத் தெரியவில்லை. அதற்குள் ஜெசிந்தா எழுந்து கிளப்பின் ஸ்டோர் அறைக்குள் போய்விட்டாள். கிழிந்த கூடாரத் துணிகளை நகர்த்தி ஏதோ தேடினாள். வெளியே வந்தபோது கையில் ஒரு மரத்தலை டிரைவர். யாருடையதோ. இரும்பும் டைட்டானியமும் வருவதற்கு முந்தைய காலத்தது. தலை ஒரு மாதுளம்பழ அளவுதான்.

"வாங்க," என்றாள்.

இருவரும் பதினெட்டாவது மேடைக்குப் போனார்கள். ஜெசிந்தா பெண்கள் மேடையில் நிற்கவில்லை. பின்னால் மேட்டில், ஆண்களில் பெரிய ஆட்டக்காரர்கள் அடிக்கும் மேடைக்கு ஏறினாள். அங்கிருந்து அக்கரை இன்னும் ரொம்ப தூரம்.

பூங்கோதைக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அல்லது பிடிபட்டதாக நினைத்தாள். கோச் இந்த மரக்கட்டையால் பள்ளத்தைத் தாண்டிக் காட்டப் போகிறாள். பிறகு ஒரு பார்வை பார்ப்பாள். நான் தலை குனிய வேண்டும்.

ஜெசிந்தா அடித்தாள். அழகான அடி. பந்து எழுந்தது, போனது, களைத்தது, பள்ளத்துக்குள் இறங்கி மறைந்தது. கீழே எங்கோ 'டொக்' என்று ஒரு சத்தம்.

ஜெசிந்தா சிரித்தாள். வாய்விட்டு, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, சின்னப் பிள்ளை போல.

"விழுந்துடுச்சு!"

இன்னொரு பந்து வைத்தாள். அதுவும் பள்ளம். மறுபடியும் அதே சிரிப்பு. அடுத்தது ஒரு மரக்கிளையில் பட்டு நேராகக் கீழே போனது. பூங்கோதைதான் விழுந்த பந்துகளை எண்ணினாள்.

"கோச், பந்தெல்லாம் போகுதே."

"ஆமா, போகுது."

ஜெசிந்தா பையைத் துழாவி, இருந்ததிலேயே புதிய பந்தை எடுத்து வைத்தாள். அடித்தாள். இந்தத் தடவை சத்தமே வேறு. பந்து பள்ளத்தின் மேல் நீண்டு போய், அக்கரையின் புல்லில் விழுந்து ஓடியது.

"ஹே!" என்று கத்தியவள் பூங்கோதைதான். தானே கை தட்டிக்கொண்டிருப்பதை அவள் பிறகுதான் கவனித்தாள்.

ஜெசிந்தா மரத்தலை டிரைவரைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே இறங்கி, பெண்கள் மேடையில் வந்து நின்றாள். "நீங்க ஒண்ணு அடிக்கறீங்களா? உங்க டிரைவர்ல?"

"இன்னைக்கு வேண்டாங்க. தோள் ஒரு மாதிரி இருக்குது."

"சரி."

வற்புறுத்தவில்லை. இருவரும் பள்ளத்தின் ஓரமாக நடந்தார்கள். ஓடைச் சத்தம் கூடவே வந்தது.

"டாக்டர், இந்தப் பள்ளத்துல உங்க பந்து எத்தனை கிடக்கும்?"

"ஒண்ணுகூட இல்லை," என்றாள் பூங்கோதை. சொல்லும்போது குரலில் பெருமை இருந்தது. "இந்த கிளப்புல சேர்ந்ததிலேர்ந்து ஒரு பந்துகூட நான் இதுல போட்டதில்லை."

"என்னோடது நிறைய இருக்கு," என்றாள் ஜெசிந்தா.

பூங்கோதை பள்ளத்தை எட்டிப் பார்த்தாள்.

"எங்க தொழில் அப்படிங்க கோச்," என்றாள் பூங்கோதை. யாரும் குற்றம் சொல்லாதபோதே சமாதானம் சொல்கிற குரல். "ஆபரேஷன் தியேட்டர்ல ஒரு பந்துகூட பள்ளத்துல விழக் கூடாது."

"விழக் கூடாதுதான்." ஜெசிந்தா நின்று, ஒரு பெரணி இலையைக் காலால் ஒதுக்கிவிட்டு நடந்தாள். "இங்க விழலாம் டாக்டர்."

அன்று மலை இறங்கும்போது, வளைவுக்கு வளைவு, அந்த 'ஒண்ணுகூட இல்லை' பூங்கோதையின் காதில் திரும்பத் திரும்பக் கேட்டது. மேலே சொன்னபோது அது பெருமையாக இருந்தது. பாதி மலை இறங்குவதற்குள் அந்தப் பெருமை என்னவோ ஆகிவிட்டது. கார் கண்ணாடியை இறக்கிவிட்டாள். குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்தது. மலையடிவாரத்தில் கல்லாறு வந்ததும் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

அந்த வாரம் கடைக்காரர் போன் செய்தார். "மேடம், புது டிரைவர் தீரப் போகுது. உங்களுக்காக ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்."

"வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க," என்றாள் பூங்கோதை. அவர் இரண்டு தடவை "மேடம்தானே பேசறது?" என்று கேட்டார்.

இறுதி ஆட்டம் நடந்த நாள் காலையில் பனிமூட்டம். ஒன்பது மணிக்கு மேல் மெல்ல விலகியது.

எதிரே ஆடியவள் கமலா போஜன். கோத்தகிரி பக்கத்துத் தேயிலைத் தோட்டக்காரி. உயரமானவள், நிதானமானவள், கோப்பையில் தன் பெயரைப் பலமுறை பார்த்தவள். போன வருஷம் பூங்கோதையைப் பதினெட்டாவதில் தோற்கடித்தது அவள்தான். கைகுலுக்கும்போதே எதிராளிக்கு ஒரு சோர்வு வந்துவிடும். அத்தனை அமைதி.

"நல்லா ஆடுங்க டாக்டர்," என்றாள் கமலா. மனதாரத்தான் சொன்னாள்.

"நீங்களும்."

முதல் ஆறு குழியில் கமலா இரண்டு முன்னால் போய்விட்டாள். பூங்கோதை பதறவில்லை. நாடி குறையும்போது கை நடுங்காமல் மருந்து ஏற்றிப் பழகியவள் அவள். ஒன்பதாவதில் ஒன்றைத் திருப்பினாள். பதிமூன்றாவதில் கமலாவின் பந்து குழியின் விளிம்பைச் சுற்றிவிட்டு வெளியே நின்றது. சமம். அதன் பிறகு இருவரும் குழிக்குக் குழி ஒரே எண்ணிக்கை. யாரும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

பதினேழாவது குழி முடிந்தபோதும் சமம்தான்.

பதினெட்டாவது மேடைக்கு வந்தார்கள். கிளப் வராந்தாவிலிருந்து பார்த்தால் அக்கரை முழுக்கத் தெரியும். நாற்காலிகள் இழுபடும் சத்தம் இங்குவரை கேட்டது. இரண்டு கட்சிக்காரர்களும் காபிக் கோப்பையோடு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றார்கள். ஜெசிந்தா அவர்களோடு இல்லை. பள்ளத்தின் இக்கரையில், கயிறு கட்டியிருந்த இடத்தில், கையைக் கட்டிக்கொண்டு தனியாக நின்றாள்.

முதலில் கமலா. டிரைவரை எடுத்தாள், வழக்கம்போல. பந்து பள்ளத்தைத் தாண்டிப் புல்வெளியின் நடுவில் போய் உட்கார்ந்தது. வராந்தாவில் கைதட்டல்.

பூங்கோதைக்குப் பை தூக்குபவர் மாதப்பன். அவளுடைய ஆட்டம் அவருக்கு மனப்பாடம். கேட்கவேயில்லை. இடது பக்கத்துக்கான சின்ன மட்டையைப் பையிலிருந்து உருவி நீட்டினார்.

பூங்கோதையின் கை அதை வாங்கப் போனது. பழக்கத்தில் போன கை. விரல்கள் பிடியைத் தொட்டன.

நின்றன.

ஓடைச் சத்தம் கேட்டது. நெஞ்சு அடித்துக்கொள்வதும் கேட்டது. மற்றவர்களுடையதை எத்தனையோ தடவை எண்ணியிருக்கிறாள். தன்னுடையதை இப்போதுதான் கேட்கிறாள்.

"இது வேண்டாங்க மாதப்பண்ணா. டிரைவரைக் குடுங்க."

மாதப்பன் அவள் முகத்தைப் பார்த்தார். பள்ளத்தைப் பார்த்தார். "டிரைவருங்களா?"

"டிரைவர்தான்."

அவர் உறையைக் கழற்றிக் கொடுத்தார். கமலா போஜன் புருவத்தை லேசாக உயர்த்தினாள். வராந்தாவில் யாரோ யாரையோ "ஷ்" என்றார்கள்.

பந்தை வைத்தாள். நின்றாள். விழலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்ன உடனே தோள் இரண்டும் தானாக இறங்கின.

வீசினாள்.

பட்ட கணத்திலேயே தெரிந்துவிட்டது, சரியாகப் படவில்லை என்று. நடுவில் இல்லை. முகத்தின் உள்ளோரம். பந்து அவள் நினைத்ததைவிடத் தாழ்வாகக் கிளம்பியது. வலது பக்கமாகச் சாயத் தொடங்கியது. பள்ளத்தின் நடுவுக்கு மேல் வந்தது. அங்கிருந்து அது முன்னே போகிறதா, இறங்குகிறதா என்றே தெரியவில்லை.

"போ," என்றாள் பூங்கோதை. முதலில் மெதுவாக. பிறகு மைதானமே கேட்கும்படி. "போ, போ, போடா!"

பந்து அக்கரையின் விளிம்பில், மண்ணும் புல்லும் சேரும் இடத்தில் விழுந்தது. ஒரு குதி குதித்தது. பின்னால் உருளுமா என்று ஒரு கணம் பார்த்தது போல நின்றது. பிறகு புல்லுக்குள் உட்கார்ந்துவிட்டது.

தாண்டிவிட்டது.

பூங்கோதை டிரைவரைத் தலைக்கு மேல் தூக்கி ஒரு சத்தம் போட்டாள். அது என்ன சத்தம் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு பிரசவத்தில் போட்டிருப்பாள், அதன் பிறகு போட்டதில்லை. மாதப்பன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கை தட்டினார். பை தூக்குபவர் கை தட்டக் கூடாது என்று நினைவு வந்ததும் பையைத் தூக்கிக்கொண்டார்.

அதன் பிறகு நடந்தது கனவு போல இருந்தது என்று அவள் சொல்லமாட்டாள். ஒவ்வொன்றும் துல்லியமாக நினைவில் இருந்தது. விளிம்பிலிருந்து கிரீன், அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரை, தூரம்தான். நீள மட்டையால் அடித்தாள். பந்து கிரீனின் முன்பக்கம் ஏறி நின்றது. கமலா பக்கத்திலிருந்து அடிக்க வேண்டியவள். இதுவரை பூங்கோதை இரண்டாவது அடியிலேயே கிரீனில் இருந்ததேயில்லை. அது கமலாவைக் கொஞ்சம் அசைத்திருக்க வேண்டும். அவளுடைய பந்து இடது பக்க மணல்குழியில் இறங்கியது.

கமலா மணலிலிருந்து அழகாக எடுத்துப் போட்டாள். அடுத்த அடி குழியை உரசிக்கொண்டு போனது. ஐந்தில் முடித்தாள்.

பூங்கோதையின் மூன்றாவது அடி குழிக்கு ஒரு குடை நீளத்தில் நின்றிருந்தது. அது போனால் நாலு. கோப்பை.

அவள் குனிந்தாள். தள்ளினாள். பந்து குழிக்குள் விழும் சத்தம் கேட்டது. உலகத்தில் அதைவிட நல்ல சத்தம் எதையும் அவள் அதுவரை கேட்டதில்லை.

கமலா போஜன்தான் முதலில் வந்து கட்டிக்கொண்டாள். "டிரைவர் எடுத்தீங்க பாருங்க, அப்பவே எனக்குப் பயமாயிடுச்சு டாக்டர்," என்றாள் காதோரம். வராந்தா இறங்கி வந்துவிட்டது. விஞ்ஞானக் கட்சி, "பார்த்தீங்களா, புது டிரைவர்! ஓரத்துல பட்டும் தாண்டிச்சு பாருங்க!" என்று மார் தட்டியது. பெயின்ட் கட்சி மெல்லப் பின்வரிசைக்கு நகர்ந்தது. யாரோ தோளில் தூக்கப் பார்த்தார்கள். "இறக்கி விடுங்க, எனக்கு மயக்கம் வந்தா யாரு பாக்கறது!" என்று பூங்கோதை கத்தினாள். அத்தனை பேரும் சிரித்தார்கள்.

கோப்பையில் ஏலக்காய் டீ ஊற்றிக் குடித்தார்கள். மகள்களுக்கு வீடியோவில் காட்டினாள். ஆஸ்பத்திரி சர்ஜன் ஒருவர், "நாளைக்கு நீங்கதான் லீடர், நாங்கதான் அசிஸ்டென்ட்," என்று செய்தி அனுப்பினார்.

ஆனால் விஞ்ஞானக் கட்சி சொன்ன ஒரு வார்த்தை மட்டும், ஷூவுக்குள் புகுந்த சிறு கல் போல, அவளைக் குத்திக்கொண்டே இருந்தது. ஓரத்துல பட்டும் தாண்டிச்சு.

கோப்பையைக் கையில் பிடித்தபடியே பயிற்சி மைதானத்துக்குப் போனாள். ஜெசிந்தா சிதறிக் கிடந்த பந்துகளைக் கூடையில் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பூங்கோதையின் பையை மாதப்பன் அங்கேதான் சாய்த்து வைத்திருந்தார்.

"கோச்."

"டாக்டர்." ஜெசிந்தா நிமிர்ந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு. கோப்பையை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "கனமா இருக்கே!"

"அந்த அடி நடுவுல படலைங்க."

"பார்த்தேன்."

"பழைய டிரைவரா இருந்திருந்தா?"

"பள்ளத்துலதான்."

"நிச்சயமாவா?"

"நிச்சயமா."

பூங்கோதை கோப்பையைப் புல்லில் வைத்தாள். "அப்போ ஜெயிச்சது இந்த மட்டைதானே? நான் இல்லையே?"

ஜெசிந்தா கூடையைக் கீழே வைத்தாள். பூங்கோதையின் பையிலிருந்து டிரைவரை எடுத்தாள். முகத்தின் உள்ளோரத்தில் பந்து பட்ட வெள்ளைத் தடம் இன்னும் இருந்தது. அதைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

"இது எப்ப வாங்கினீங்க?"

"மார்ச்சுல."

"மார்ச்சுலேர்ந்து ஞாயித்துக்கிழமை தவறாம இதுவும் பதினெட்டாவது மேடைக்கு வந்திருக்கு." ஜெசிந்தா டிரைவருக்கு உறையை மாட்டி, அவள் கையில் கொடுத்தாள். "பள்ளமும் அங்கேயேதான் இருந்திருக்கு. இன்னைக்குப் புதுசா வந்தது எது டாக்டர்?"